சூப்பர்லெஜ்ஜேரா என்று சொல்லித் தலையில் கட்டினார்கள்: 1,900 யூரோ போச்சு

பழைய இத்தாலிய மர நாற்காலி தேடுபவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

இத்தாலியக் கட்டடக் கலைஞர் ஜோ பொந்தி வடிவமைத்து 1957 முதல் கசீனா நிறுவனம் தயாரித்த சூப்பர்லெஜ்ஜேரா நாற்காலி, அந்தக் காலத்து அசல், ஜோடி 1,900 யூரோ. பழம்பொருளுக்கென்றே இருக்கும் ஓர் இணையச் சந்தையில் ஒரு வியாபாரி விற்றார்.

வீடியோ அழைப்பில் நாற்காலியைச் சுண்டுவிரலால் தூக்கிக் காட்டினார். அதன் பெருமையே அதுதானே, எடை வெறும் 1.7 கிலோ! காலைக் காட்டச் சொன்னேன். முக்கோண வெட்டு, 18 மில்லிமீட்டர் தடிமன், விளிம்பு கூர்மையாகத் தெரிந்தது. "என் அத்தை வீட்டுச் சாப்பாட்டறையில் இருந்தது, பிரியவே மனமில்லை" என்று கண்கலங்காத குறையாகச் சொன்னார். அந்த அத்தையை நம்பித்தான் 1,900 யூரோ அனுப்பினேன்.

வந்தது வேறு நாற்காலி. கால்கள் உருண்டை. தராசில் வைத்தால் ஒவ்வொன்றும் மூன்றேகால் கிலோ. இத்தாலியின் லிகூரியா பகுதியில் உள்ள கியாவரி ஊரில் 1807 முதல் செய்துவரும் மெல்லிய நாற்காலிதான் பொந்திக்கே முன்மாதிரி. அதன் ஏதோ ஒரு மலிவு நகலுக்குக் கறுப்புச் சாயம் அடித்து அனுப்பியிருக்கிறார். (அசல் கியாவரியாக இருந்திருந்தால்கூட இவ்வளவு வயிறு எரிந்திருக்காது.) கவிழ்த்துப் பார்த்தால் பிரம்புப் பின்னலின் இடுக்கில் சாயம் காயாமல் விரலில் ஒட்டுகிறது.

கேட்டால், மரம் ஈரத்தை இழுத்து எடை கூடுமாம். ஈரம் இழுத்தால் முக்கோணக் கால் உருண்டையாகிவிடுமா? அடுத்து, தச்சருக்குத் தச்சர் கைவேலை மாறுமாம். 14 நாளுக்குள் திருப்பி அனுப்பும் ஐரோப்பியச் சட்டத்தைச் சொன்னேன். அது கடைகளுக்குத்தானாம், அவர் தனிநபராம்! பக்கம் பக்கமாக மேசையும் அலமாரியும் விற்பனைக்கு வைத்திருக்கும் தனிநபர். சந்தையின் வாடிக்கையாளர் சேவையோ "இருதரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்ற ஒரே வரியை மாற்றாமல் அனுப்புகிறது. 1,900 யூரோ ஐயா, 1,900!

எப்படிச் சரிபார்ப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. தராசில் வைத்த படம் கேளுங்கள். வீடியோவில் தெரியும் கீறலையோ கறையையோ குறித்துவைத்து, வந்த நாற்காலியில் அது இருக்கிறதா என்று பாருங்கள். விற்பவர் வியாபாரியா தனிநபரா என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். அவருடைய விளம்பரம் இன்னும் அப்படியே இருக்கிறது, இப்போது நான்கு நாற்காலி என்று. இதை அவசரமாகப் போடுவதே அதனால்தான்.