குன்னூரிலேயே இறங்கிவிடுங்கள்: நீலகிரி மலை ரயிலுக்குக் குழுவாக ஒன்பது முறை

திருப்பூரில் எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் காலையில் ஒன்றாக நடக்கப் போகிறவர்கள் சேர்ந்து 2017இல் முதன்முதலாக மேட்டுப்பாளையம் மலை ரயிலுக்கு ஒரு நாள் பயணம் போனோம். கொரோனா காலத்தில் விட்டது போக, இதுவரை ஒன்பது முறை போய்விட்டோம். பஸ் பேசுவதும் ஆள் சேர்ப்பதும் என் பொறுப்பு. குழுவில் பெரும்பாலானவர்கள் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், மூன்று பேர் எழுபதுக்கு மேல். இதே மாதிரிக் குழுவாகப் போக நினைப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் சொல்ல வேண்டியது இதுதான். ஒரே நாளில் போய்த் திரும்புவதாக இருந்தால் ரயிலில் ஊட்டி வரை போகாதீர்கள். குன்னூரில் இறங்கிவிடுங்கள். பஸ் அங்கே காத்திருக்கட்டும்.

முதல் தடவை எங்களுக்கு இது தெரியவில்லை. ஊட்டி வரை போனோம். குன்னூரில் நீராவி இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜினை மாட்டுவார்கள். அதற்கு மேல், செங்குத்தான ஏற்றத்தில் வழுக்காமல் ஏற நடுவே பதித்திருக்கும் பல்தண்டவாளமும் கிடையாது. கேத்தி பள்ளத்தாக்கு, லவ்டேல் எல்லாம் அழகான இடங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து வந்தவர்களில் பாதிப் பேர் அந்த நேரத்தில் தூங்கிவிட்டார்கள். ஊட்டியில் இறங்கும்போது மதியம். சாப்பிட்டு, நெரிசலில் ஒரு தோட்டத்தைப் பார்த்து, இரவு பதினொன்றரைக்கு வீடு திரும்பினோம். மறுநாள் ஒருவர்கூட நடக்க வரவில்லை. இரண்டு நாள் தங்குகிறவர்கள் தாராளமாக ஊட்டி வரை ரயிலில் போகலாம். ஒரு நாள் குழுவுக்கு அது சரிப்படாது.

நீராவி ரயில் என்று நாம் எதற்காகப் போகிறோமோ, அது முழுக்க மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையில்தான் இருக்கிறது. 1899இல் முதலில் திறந்ததும் அந்தப் பகுதிதான். ஊட்டி வரை நீண்டது 1908இல். மேட்டுப்பாளையம் நிலையம் 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குன்னூர் 1,700 மீட்டருக்கு மேல். காலை 7.10க்குக் கிளம்பி, சுமார் 28 கிலோமீட்டரை மூன்று மணி நேரத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டு ஏறுகிறது.

கல்லாறு நிலையம் வரை பாக்குத்தோப்புகளுக்கு நடுவே சாதாரண ரயில் மாதிரித்தான் போகும். கல்லாற்றைத் தாண்டியதும் பல்தண்டவாளம் தொடங்குகிறது. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரண்டு இரும்புப் பட்டைகள், ஒன்றின் பல்லுக்கு நேராக மற்றதன் இடைவெளி வருகிற மாதிரி பதித்திருப்பார்கள். அதனால் இன்ஜினின் பல்சக்கரம் ஒரு கணமும் பிடி விடாது. ஏற்றம் பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி. இன்ஜின் முன்னால் இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நின்று கொடி காட்டுவார். அந்தச் சைகை ஒவ்வொருவராகக் கைமாறிக் கடைசியில் இருக்கும் டிரைவருக்குப் போய்ச் சேரும்.

எங்கள் குழுவில் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் உண்டு. இரண்டாவது பயணத்தில் கல்லாறு தாண்டியதும் என் கையைத் தட்டி, "அம்மணி, பல்லு மாட்டிருச்சு, சத்தத்தக் கேளு" என்றார். அதுவரை நான் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்ன பிறகுதான் கேட்டது. இந்த எக்ஸ் வகை இன்ஜினுக்கு நான்கு சிலிண்டர்கள். சமதளத்தில் இரண்டு மட்டும் வேலை செய்து சக்கரங்களை ஓட்டும். பல்தண்டவாளம் வந்ததும், அந்த இரண்டிலிருந்து வெளியேறும் நீராவியை வீணாக்காமல் மற்ற இரண்டுக்கு அனுப்பிப் பல்சக்கரத்தைச் சுற்றவைக்கிறார்கள். ஓட்டம் மாறுகிறது, மூச்சு மாறுகிறது. சுவிட்சர்லாந்தில் விண்டர்தூரில் செய்துவந்த இன்ஜின்கள் இவை. பிற்பாடு நம் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புதிதாகவும் செய்திருக்கிறார்கள். அந்தச் செய்தியைக் கேட்டபோது பெரியவருக்கு வந்த சந்தோஷம் இன்னும் கண்ணில் நிற்கிறது. இப்போது யாரை அழைத்துப் போனாலும் கல்லாற்றில் பேச்சை நிறுத்தச் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம், வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது: பெட்டிக்குள் கழிப்பறை கிடையாது. வழியில் இருக்கும் ஹில்குரோ நிலையத்தில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க வண்டி நிற்கும்போதுதான் போக முடியும். மொத்த ரயிலும் அங்கேதான் இறங்கும், வரிசை நீளும். அதனால் மேட்டுப்பாளையத்துக்கு ஆறேகாலுக்கே போய்ச் சேருகிற மாதிரி கிளம்புகிறோம். திருப்பூரிலிருந்து அவிநாசி, அன்னூர் வழியாக நாலேகாலுக்குப் பஸ் எடுத்தால் நிதானமாக இருக்கிறது. சர்க்கரை நோய் இருப்பவர்களையும் பெரியவர்களையும் கதவோர இருக்கையில் உட்காரவைத்துவிடுவோம். இருக்கைகள் நெருக்கம், முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சிரமம்தான். ஹில்குரோவில் தின்பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு இறங்க வேண்டாம், குரங்குகள் பிடுங்கிவிடும்.

பஸ் விஷயத்தில் எங்கள் அனுபவம், ஐம்பது சீட் வண்டி வேண்டவே வேண்டாம். மேட்டுப்பாளையம், குன்னூர் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் அது திணறுகிறது, குன்னூரில் நிறுத்த இடம் தேடியே அரை மணி நேரம் போகிறது. 25 சீட் வண்டி போதும், 24 பேர் என்று வைத்துக்கொள்கிறோம். எங்களை ஸ்டேஷனில் விட்ட பிறகு டிரைவர் கட்டாயம் தூங்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவிடுவேன். பஸ்ஸுக்கு மலையேற ஒன்றரை மணி நேரம் போதும். எட்டரைக்குக் கிளம்பினாலும் நமக்கு முன்னால் போய் நிற்பார். இருட்டில் கிளம்பி வந்த ஒருவர் மாலையில் மலை இறக்க வேண்டும், அந்தத் தூக்கத்தில் சிக்கனம் பிடிக்கக் கூடாது. 2024 மே முதல் நீலகிரிக்குள் போகும் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும், அதை முந்தின நாளே எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைச் சோதனைச் சாவடியில் வாங்கிக்கொள்வார்கள், எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள்.

டிக்கெட்தான் பெரிய பாடு. மூன்றாவது பயணத்தின்போது ஒரு ஏஜென்டிடம் பணம் கொடுத்து நம்பியிருந்தோம். முந்தின நாள் மாலை வரை "கன்ஃபர்ம் ஆயிரும்" என்றார். இருபது பேரில் எட்டுப் பேருக்குத்தான் இடம் கிடைத்தது. மீதிப் பேர் பஸ்ஸிலேயே குன்னூர் வந்தார்கள். நான் அவர்களோடுதான் வந்தேன். அந்தப் பயணத்தை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது, ஏனென்றால் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒரு அம்மா அதற்குப் பிறகு வரவே முடியவில்லை.

அன்றிலிருந்து நாங்களே எடுக்கிறோம். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் காலை எட்டு மணிக்குத் திறக்கும். 2024 அக்டோபர் வரை 120 நாள் இருந்தது, பழைய கணக்கில் இருக்காதீர்கள். ஒரு டிக்கெட்டில் ஆறு பேர்தான். 24 பேர் என்றால் நான்கு வீட்டில் நான்கு பேர் எட்டு மணிக்குக் கையில் போனோடு உட்கார வேண்டும். குன்னூர் வரை கிடைக்காதபோது ஊட்டி வரை எடுத்துக் குன்னூரில் இறங்கியிருக்கிறோம். செலவு கூடும், ஆனால் குழு பிரியாது.

பஸ்ஸில் ஏறி, மாலை ரயிலில் குன்னூரிலிருந்து இறங்கியும் இரண்டு முறை பார்த்தோம். அதுவும் நீராவிதான். டிக்கெட் எங்களுக்குச் சற்று எளிதாகக் கிடைத்தது, விடியற்காலை எழ வேண்டியதில்லை. ஆனால் இறக்கத்தில் இன்ஜின் வண்டியைப் பிடித்துக்கொண்டு வருகிறது, அந்த மூச்சு இல்லை. மேலே ஏறுவதைக் கேட்டவர்களுக்கு இது பாதிதான். விடியற்காலையில் எழவே முடியாதவர்கள் குழுவில் அதிகம் என்றால் மட்டும் இந்த வழி.

மழைக்காலத்தில் போகாதீர்கள். ஒரு நவம்பரில் மேட்டுப்பாளையம் வந்து நின்ற பிறகுதான் பாதையில் மண் சரிந்து ரயில் ரத்து என்று தெரிந்தது. பணம் திரும்பி வந்தது. அன்று கோத்தகிரி வழியாகக் கோடநாடு போய்த் திரும்பினோம். இப்போது எங்கள் கணக்கு ஜனவரி, பிப்ரவரிதான். ஏப்ரல், மே கூட்டத்தில் பஸ்ஸும் நகராது.

குன்னூரில் இறங்கியதும் உடனே பஸ்ஸுக்கு ஓட வேண்டாம். இன்ஜினைக் கழற்றிக் கொண்டுபோகும் வரை பிளாட்பாரத்தில் நில்லுங்கள். பிறகு சிம்ஸ் பூங்கா, சாப்பாடு, ஒரு தேயிலைத் தொழிற்சாலை, மூன்று மணிக்கு வண்டியில் ஏறினால் ஏழரைக்குள் திருப்பூர் வந்துவிடலாம். போன பிப்ரவரியில் பெரியவர் தன் பேரனை அழைத்து வந்திருந்தார். ஸ்டேஷனில் இன்ஜின் பக்கத்தில் நின்று எது எந்த சிலிண்டர் என்று அவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். டிரைவரும் இறங்கி வந்து நின்று கேட்டார். அன்று பஸ் இருபது நிமிடம் தாமதமாகத்தான் கிளம்பியது.