ஐந்து வருடம் பறவை வரைந்த பிறகு என் பையில் மிஞ்சியவை

ஐந்து வருடத்துக்கு முன்னால் பறவை வரையலாம் என்று கிளம்பியபோது என் பையில் பன்னிரண்டு நிற வண்ணப்பெட்டி, தண்ணீர் நிரப்பும் பிரஷ், மூன்று வகைப் பென்சில், மடக்கு நாற்காலி, 10×42 பைனாகுலர் எல்லாம் இருந்தன. இப்போது ஒரு 8×42 பைனாகுலர், ஒரு 2பி பென்சில், ஒரு ஏ5 நோட்டு. அவ்வளவுதான். பினாங்கில் வரையத் தொடங்குகிறவர்கள் கடைக்குப் போகும் முன் இதைப் படித்தால் கொஞ்சம் வெள்ளி மிச்சமாகும்.

வண்ணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அதிகம் பட்டது அதில்தான். தண்ணீர்மலைக் கோயிலைத் தாண்டிப் போனால் வரும் தாவரவியல் பூங்கா 1884இல் தொடங்கியது. மலை அடிவாரம், ஓடை, பெரிய பெரிய மரங்கள். காலை ஏழரைக்கு அங்கே தாளில் ஒரு நீலம் பூசினால் எட்டு மணிக்கும் ஈரம் காயாது. அவசரத்தில் நோட்டை மூடினால் எதிர்ப்பக்கத்தில் பாதிப் பறவை ஒட்டிக்கொள்ளும். 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) பருத்தித் தாள்தான் வாங்கியிருந்தேன், நல்ல தாள்தான். ஆனால் தாளின் மேல் வண்ணம் ஊறாமல் நிற்க ஒரு பசைப்பூச்சு உண்டு. ஒரு மழைக்காலம் முழுக்க நோட்டைப் பைக்குள்ளேயே வைத்திருந்ததில் அது கெட்டுப்போனது. பிரஷ் பட்ட இடமெல்லாம் திட்டுத்திட்டாக உறிஞ்சியது. வண்ணக்கட்டிகளிலும் பூஞ்சை. இப்போது பெட்டியை வீட்டில் மின்விசிறிக் காற்றில் திறந்து காயவைத்துத்தான் மூடுகிறேன்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. வெண்மார்பு மீன்கொத்தியின் நீலம் சாயம் இல்லை. இறகுக்குள் இருக்கும் நுண்ணிய பஞ்சு போன்ற அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் வருகிற நிறம். நிழலில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு நீலம், வெயிலில் பறந்து திரும்பும்போது வேறு நீலம். இதில் எதைத் தாளில் பூசுவது? அங்கே நின்று நீலம் கலக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அது எப்படித் தலையைச் சாய்த்துத் தண்ணீரைப் பார்க்கிறது என்பதைத் தவறவிட்டேன்.

அப்புறம் பைனாகுலர். 10×42 என்பதில் முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. பத்து மடங்கு பெரிதாகக் காட்டினால் கை நடுக்கமும் பத்து மடங்கு தெரியும். ஒரு கையில் நோட்டு இருக்கும்போது எட்டு மடங்கே வசதி. என் பழைய பைனாகுலருக்குள் இரண்டாம் வருடமே பூஞ்சை பிடித்து லென்சில் சிலந்திவலை மாதிரி படர்ந்தது. தண்ணீர் புகாத, உள்ளே நைட்ரஜன் நிரப்பியதாகப் பார்த்து வாங்குங்கள். வீட்டில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். இந்த ஒன்றில் மட்டும் செலவைக் குறைக்காதீர்கள்.

பென்சில் போதுமா? போதும். ஆனால் நிறத்தை எழுத்தில் குறிக்க வேண்டும். சுங்கை புரோங் வயல் பக்கம் மின்கம்பியில் இருந்த பஞ்சுருட்டானை வரைந்து வந்து, இரண்டு நாள் கழித்து நினைவிலிருந்து வண்ணம் பூசி இன்ஸ்டாகிராமில் போட்டேன். பார்த்த ஒருவர், "அக்கா, தொண்டையும் நீலம், தலையும் பச்சை, இது எந்தப் பறவை?" என்று கேட்டார். கேட்டது சரிதான். நீலத்தொண்டைப் பஞ்சுருட்டானுக்கு உச்சந்தலை செங்காவி. நீலவால் பஞ்சுருட்டானுக்குத் தலை பச்சை, தொண்டைதான் காவி. நான் இரண்டையும் கலந்துவிட்டிருந்தேன். அன்றிலிருந்து படத்தைச் சுற்றிக் கோடு இழுத்து "தொண்டை காவி", "கண் கோடு கறுப்பு" என்று அங்கேயே எழுதிவிடுகிறேன். ஒரு பக்கத்தில் ஐந்தாறு நிலைகளைத் தொடங்கி வைப்பேன். பறவை திரும்ப அதே மாதிரி உட்காரும்போது விட்ட இடத்திலிருந்து தொடர்வேன்.

பகிரும்போது அந்தப் பக்கத்தை அப்படியே போடுகிறேன், அழித்த கோடுகளோடு. ஸ்கேன் செய்தால் மெல்லிய பென்சில் கோடுகள் வெளுத்துப்போகின்றன. பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரம், மேலிருந்து நேராகப் போனில் எடுப்பதே நன்றாக வருகிறது. டியூப் லைட் வேண்டாம்.

கூடு இருக்கும் இடத்தை மட்டும் போடாதீர்கள். நான் ஒருமுறை மண்கரையில் மீன்கொத்தி குடைந்த துளையை வரைந்து, இடத்தின் பெயரையும் சேர்த்தேன். அடுத்த வாரம் போனால் துளைக்கு நேர் எதிரே மூன்று பேர் கேமராவோடு. தாய்ப்பறவையோ தந்தையோ, அலகில் பல்லியோடு கிளையில் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருந்தது, உள்ளே போகவில்லை. அவர்களிடம் பேசி விலகி நிற்கச் சொன்னேன், கேட்டுக்கொண்டார்கள். பதிவை அங்கேயே நின்று நீக்கினேன். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

போன மாதம் பூங்காவில் துடுப்புவால் கரிச்சானை வரைந்துகொண்டிருந்தேன். நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு பாட்டி நின்று, "என்னம்மா, காக்காவா வரையிற?" என்றார். "கரிச்சான் பாட்டி, வாலைப் பாருங்க" என்று பைனாகுலரைக் கொடுத்தேன். அது கிளை விட்டுக் கிளை பறந்தது. "அட, ரெண்டு வண்டு பின்னாடியே துரத்துதே!" என்றார். வால் நுனியில் இருக்கும் அந்தத் துடுப்புகளைப் பிடித்திருக்கும் காம்பு அவ்வளவு மெல்லியது, பறக்கும்போது கண்ணுக்கே தெரியாது. நான் வரைந்திருந்த காம்புகளை அழித்துவிட்டு, பறவைக்குப் பின்னால் இரண்டு கறுப்புப் புள்ளிகளை மட்டும் வைத்தேன். பக்கத்திலேயே பாட்டி சொன்னதையும் எழுதிக்கொண்டேன்.