சகுந்தமா, சார்டீனியாவா? ஹன்னிபால் போருக்கு எது காரணம்?

கி.மு. 218-இல் ரோமும் வட ஆப்பிரிக்க வல்லரசான கார்த்தேஜும் இரண்டாம் முறை மோதியது ஏன் என்று கேட்டால், பலரும் சகுந்தத்தைத்தான் காட்டுவார்கள். ஸ்பெயினில் ரோமின் நட்பு ஊர், கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் எட்டு மாதம் முற்றுகையிட்டுப் பிடித்தார், ரோம் போர் அறிவித்தது. சரி, ஆனால் கி.மு. 226 ஒப்பந்தப்படி கார்த்தேஜ் படை ஸ்பெயினின் எப்ரோ ஆற்றை வடக்கே தாண்டக்கூடாது, அவ்வளவுதான். சகுந்தம் ஆற்றுக்குத் தெற்கே, நன்றாகவே தள்ளி இருந்தது. முற்றுகையின்போது ரோம் தூது அனுப்பியதோடு சரி, படை வரவில்லை.

சார்டீனியா கதை வேறு. முதல் போரில் தோற்று, சிசிலியை விட்டு, 3,200 தாலந்து (வெள்ளியை எடைபோட்ட பழைய அளவு) தண்டத்துக்கும் தலையாட்டிய கார்த்தேஜ், சம்பளப் பாக்கிக்காகக் கூலிப்படைகள் கிளப்பிய கலகத்தில் மூன்று வருடத்துக்கு மேல் திணறியது. அந்த நேரம் பார்த்து ரோம், கார்த்தேஜிடமிருந்த சார்டீனியா தீவை எடுத்துக்கொண்டது. மீட்கக் கார்த்தேஜ் படை தயாரானதும் ரோமின் போர் மிரட்டல், கூடவே இன்னொரு 1,200 தாலந்து! எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பது இதுதான்.

என்னைக் கேட்டால் சார்டீனியா காரணம், சகுந்தம் வெறும் சாக்கு. ஆனால் கோபம் மட்டும் படை திரட்டாது. ஹன்னிபாலின் அப்பா ஹமில்கார் ஸ்பெயினுக்குப் போய் வெள்ளிச் சுரங்கங்களைக் கைப்பற்றியிருக்காவிட்டால், அந்தப் படைக்குச் சம்பளம் கொடுக்கவே வழி இருந்திருக்காது.