"வி.ஆர் 2" என்று சொல்லித் தலையில் கட்டிய 18-200: பழைய பயண லென்ஸ் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

பயணத்துக்கு ஒரே லென்ஸாக இருக்கட்டும் என்று பழைய 18-200 (18 மி.மீ. அகலக் காட்சியிலிருந்து 200 மி.மீ. தூரக் காட்சி வரை ஜூம் ஆகும் லென்ஸ்) ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறீர்களா? பணம் அனுப்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். பயன்படுத்திய லென்ஸ்களை ஆன்லைனில் விற்கும் ஒருவர் என்னிடம் ஒன்றைச் சொல்லி வேறொன்றை அனுப்பினார். அனுப்பியதும் கீழே விழுந்து அடிபட்ட லென்ஸ். அது வெளியே தெரியாமல் இருக்க அவர் செய்திருந்த வேலையைப் பார்த்தால், கவனக்குறைவால் நடந்துவிட்டது என்று சொல்லவே முடியாது.

என்னிடம் இருப்பது நிக்கான் டி.எக்ஸ் கேமரா, அதாவது சிறிய சென்சார் கொண்ட வகை. கூடவே வந்த 18-55 கிட் லென்ஸைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் வெளியூர் போனால் தூரத்தில் இருக்கும் எதுவும் அதற்கு எட்டாது. தூரத்தை நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸ் ஒன்றையும் தூக்கிக்கொண்டு போய், காற்றும் புழுதியுமாக இருக்கும் இடத்தில் நின்று மாற்றி மாற்றிப் போடுவது எனக்குச் சரிப்படவில்லை; சென்சாரில் தூசி உட்கார்ந்துவிட்டால் அப்புறம் வானம் வரும் படத்தில் எல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரியும். 18-200 இந்தத் தேவைக்கென்றே வந்த லென்ஸ். 18இல் சுமார் 76 டிகிரி அகலம் கிடைக்கும், 200இல் 8 டிகிரி. ஒரு பள்ளத்தாக்கு முழுவதையும் எடுத்துவிட்டு, நின்ற இடத்திலிருந்தே எதிர்மலையில் இருக்கும் ஒற்றை வீட்டையும் எடுத்துவிடலாம்.

இந்த நிக்கான் லென்ஸில் இரண்டு பதிப்புகள் உண்டு. முதலாவது 2005இல் டி200 கேமராவோடு வந்தது, இரண்டாவது 2009இல் வந்தது. கண்ணாடி அமைப்பு இரண்டிலும் ஒன்றுதான், 12 தொகுதிகளில் 16 கண்ணாடிகள். ஃபில்டர் அளவு இரண்டுக்கும் 72 மி.மீ., எடையும் இரண்டும் 560 கிராமை ஒட்டித்தான். கையில் எடுத்தால் தெரியும் முக்கியமான வித்தியாசம் ஒரு சின்ன சுவிட்ச். இரண்டாவது பதிப்பில் ஜூமை 18இல் பூட்டி வைக்க ஒரு லாக் கொடுத்தார்கள். ஏன் கொடுத்தார்கள் என்றால், முதல் பதிப்பில் கேமராவைக் கீழ்நோக்கிப் பிடித்தால் முன்பக்கக் கண்ணாடியின் கனத்தில் ஜூம் குழல் தானாக வெளியே இறங்கிவிடும் என்பது பயன்படுத்தியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த தொல்லை. லாக் இருந்தாலும் 18இல் மட்டும்தான் பூட்டும், மற்ற இடங்களில் நழுவுவது நழுவும்தான், ஆனால் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கும்போது அதுவே பெரிய உதவி.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், வி.ஆர் என்பது கை நடுக்கத்தால் படம் கலங்காமல் தடுக்கும் வசதி; 2005 லென்ஸில் இருந்த அந்தத் தொழில்நுட்பத்தையே நிக்கான் அப்போது "வி.ஆர் 2" என்றுதான் அழைத்தது. 2009இல் வந்த பதிப்பின் பெயரிலேயே "வி.ஆர் 2" சேர்ந்துவிட்டது. ஆகவே முதல் பதிப்பை வைத்திருக்கும் ஒருவர் "வி.ஆர் 2" என்று விளம்பரத்தில் எழுதிவிட்டு, பிடிபட்டால் "நான் தொழில்நுட்பத்தைச் சொன்னேன்" என்று நழுவ வழி இருக்கிறது. எனக்கு நடந்தது அப்படியே இதுதான்.

விளம்பரத்தில் "18-200 வி.ஆர் 2, புதுசு மாதிரி" என்று போட்டிருந்தது. படங்கள் நிறைய இருந்தன, எல்லாம் பளிச்சென்று. லாக் இருக்க வேண்டிய பக்கம் மட்டும் எந்தப் படத்திலும் இல்லை. "2009இல் வந்த இரண்டாவது பதிப்புதானே?" என்று செய்தியில் நேராகவே கேட்டேன். "ஆமாம் சார், வி.ஆர் 2தான், தைரியமாக வாங்குங்கள்" என்று பதில் வந்தது. லென்ஸைப் பாதுகாக்க ஒரு யு.வி. ஃபில்டரும் இலவசமாக மாட்டி அனுப்புகிறேன் என்றார். இந்த ஃபில்டரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி வந்தது, திறந்தேன், லாக் இல்லை. சரி, பதிப்பு மாறிவிட்டது, லென்ஸாவது நன்றாக இருக்கிறதா பார்ப்போம் என்று கேமராவில் மாட்டிக் கழுத்தில் தொங்கவிட்டேன். வாசலுக்குப் போவதற்குள் குழல் இரண்டு அடுக்காக இறங்கி 200க்கு நீண்டு வயிற்றில் இடித்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் தளர்வு எல்லாப் பழைய 18-200களிலும் இருக்கும். இது தளர்வு இல்லை, பிடிமானமே இல்லை. ட்ரைபாடில் வைத்து மேல்நோக்கி ஒரு மண்டபத்துக் கூரை விளக்குகளை நீண்ட எக்ஸ்போஷரில் எடுத்தபோது இன்னும் மோசம், ஷட்டர் திறந்திருக்கும் நேரத்திலேயே குழல் உள்ளே சரிந்து, விளக்கு ஒவ்வொன்றும் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி இழுத்த கோடாக வந்தது.

அதைவிடப் பெரிய குறை படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது தெரிந்தது. எந்தப் படத்தை எடுத்தாலும் இடது ஓரம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது, வலது ஓரத்தில் இலை இலையாகத் தெரிகிறது, இடதில் அதே மரம் பச்சைக் கறையாக இருக்கிறது. செய்தித்தாளை விரித்துச் சுவரில் ஒட்டி, ட்ரைபாடில் வைத்து, வி.ஆரை அணைத்து, லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில் பார்த்து) நடுவில் ஃபோகஸ் செய்து, எஃப்/5.6இலும் எஃப்/8இலும் எடுத்தேன் (இது லென்ஸ் துவாரத்தின் அளவு, எண் கூடினால் துவாரம் சுருங்கும்). அப்போதும் இடது பக்கத்து எழுத்துகள் படிக்க வரவில்லை. கேமரா சுவருக்கு நேராக இல்லாமல் சற்றுச் சாய்ந்திருந்தாலும் ஒரு ஓரம் மங்கும் என்பதால் கேமராவைத் தலைகீழாகத் திருப்பியும் எடுத்தேன். சுவரோ ட்ரைபாடோ காரணமாக இருந்தால் மங்கல் படத்தின் மறுபக்கத்துக்கு மாறியிருக்கும். மாறவில்லை, அதே இடது ஓரத்தில்தான் இருந்தது. லென்ஸுக்குள் ஏதோ ஒரு கண்ணாடி மையத்தை விட்டு விலகியிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை வீட்டில் செய்ய முடியாது.

இனி அந்த இலவச ஃபில்டர். கழற்றப் பார்த்தால் அசையவே இல்லை. விரலால் இறுக்கிப் பிடித்தால் வளையம் நசுங்கி இன்னும் சிக்கும். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு சுற்றிலும் சமமாக, லேசாகப் பிடித்துத் திருப்ப வேண்டும். அப்படித் திருப்பியபோது கரகரவென்று வந்தது. கீழே லென்ஸின் முன்வளையத்தில் ஒரு இடத்தில் நகம் அகலத்துக்கு உள்ளே அமுங்கிய பள்ளம், அந்த இடத்தில் ஃபில்டர் திருகும் மரை சிதைந்திருந்தது, அதன்மேல் கறுப்புப் பெயின்ட் தொட்டு வைத்திருந்தார்கள். லென்ஸ் முகம் குப்புற விழுந்திருக்கிறது. விழுந்த அடியில் வளையம் நசுங்கியது, கண்ணாடி விலகியது, குழலின் பிடிமானமும் போயிருக்கலாம். பள்ளத்தை மறைக்க ஃபில்டரை வலுக்கட்டாயமாகத் திருகி ஏற்றிவிட்டு அதற்கு அன்பளிப்பு என்று பெயர் வைத்திருக்கிறார். எனக்கு மனசு ஆறாமல் போனது இந்த இடத்தில்தான்.

எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பினேன். முதலில் "ஜூம் லென்ஸ் என்றால் இறங்கத்தான் செய்யும்" என்றார். ஓரம் மங்குவதைச் சொன்னபோது "உங்கள் கேமராவின் ஃபோகஸ் சரியில்லை, ஃபைன் ட்யூன் செய்துபாருங்கள்" என்றார். இந்தப் பதிலை வேறு விற்பனையாளர்களும் சொல்வார்கள், நம்பாதீர்கள். ஃபைன் ட்யூன் என்பது ஃபோகஸ் விழும் தளத்தை முழுவதாக முன்னேயோ பின்னேயோ நகர்த்தும், அவ்வளவுதான். ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருப்பதை அது தொடவே தொடாது, அதுவும் நான் எடுத்தது லைவ் வியூவில், அங்கே ஃபைன் ட்யூனுக்கு வேலையே இல்லை. பதிப்பு மாறியதைக் கேட்டபோது எதிர்பார்த்த பதிலே வந்தது, வி.ஆர் 2 தொழில்நுட்பம்தானே உள்ளே இருக்கிறது என்றார். கடைசியில் பள்ளத்தின் படத்தைப் பார்த்துவிட்டு, "ஃபில்டரை நீங்கள் கழற்றிவிட்டீர்கள், அது சீல் மாதிரி, இனி திருப்பி எடுக்க முடியாது" என்று கைவிரித்தார்.

அதற்கப்புறம் சமாதானமாக ஒன்று தருகிறேன் என்றார். முன்பக்கம் திருகி மாட்டும் 0.43 வைட் கன்வர்ட்டரும் 2.2 டெலி கன்வர்ட்டரும் இலவசம், "மூன்று லென்ஸ் ஆகிவிடும் சார்" என்று. இந்த மலிவுக் கண்ணாடிகளை யார் தந்தாலும் வாங்காதீர்கள், காம்போ என்று சொல்லிப் புதுக் கேமராவோடும் இவற்றைத் தள்ளிவிடுகிறார்கள். நல்ல லென்ஸின் முன்னால் மாட்டினாலே ஓரமெல்லாம் குழைந்து ஊதா விளிம்பு கட்டும், படத்தின் கூர்மை போய்விடும். தவிர, அவர் அனுப்பிய லென்ஸில் மாட்டுவதற்கு மரையே ஒழுங்காக இல்லை.

பணம் செலுத்திய தளத்தில் புகார் பதிவு செய்த பிறகுதான் காரியம் நடந்தது. உதவியது என் சோதனைப் படங்கள்கூட இல்லை, செய்தியில் "2009இல் வந்த இரண்டாவது பதிப்பா" என்று கேட்டதும் அதற்கு அவர் ஆமாம் என்று எழுதியதும்தான். பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று ஃபோனுக்கு வரச் சொல்வார்கள், போகாதீர்கள், எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். அனுப்பும் செலவையும் "சோதனைக் கட்டணம்" என்று ஏதோ ஒன்றையும் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பினார். அதற்குள் பயண நாள் வந்துவிட்டது, பழைய 18-55ஓடுதான் போனேன்.

வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய படங்கள் இவை: ஃபில்டர் இல்லாமல் முன்வளையம், நான்கு பக்கமும் சுற்றி உடல், கேமராவில் பொருந்தும் மவுண்ட் பக்கம், இருட்டில் பின்னாலிருந்து டார்ச் அடித்து எடுத்த ஒரு படம். பூஞ்சை இருந்தால் டார்ச் வெளிச்சத்தில் நூல் நூலாகப் பிரிந்து தெரியும். 18, 50, 200 மூன்றிலும் ஒரு சுவரையோ தூரத்துக் கட்டடத்தையோ எடுத்த முழு அளவுப் படங்களைக் கேளுங்கள், நாலு மூலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஃபோகஸ் ஆகும் வீடியோவும் கேட்கலாம், கீச்சென்று சத்தம் வந்தால் மோட்டார் தேய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். நிக்கானில் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் உடலுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, ஆகவே டாம்ரான், சிக்மா போன்ற வேறு நிறுவனங்களின் பழைய ஜூம்களை வாங்கும்போது லென்ஸுக்குள் மோட்டார் இருக்கும் பதிப்பா என்று விசாரித்தாக வேண்டும். இல்லையென்றால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டியிருக்கும்.

18-200தான் வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். டாம்ரான் 18-400 வரை போகிறது, எட்டும் தூரம் ஆசை காட்டும், ஆனால் எடை 700 கிராமைத் தாண்டுகிறது, டெலி முனையில் எஃப்/6.3தான். எஃப்/3.5இல் வரும் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குகூட அதில் வராது, மாலை நேரத்தில் ஐ.எஸ்.ஓ.வை, அதாவது சென்சாரின் உணர்திறனை, ஏற்றிக்கொண்டே போக வேண்டும். நடுக்கம் தடுக்கும் வசதி உங்கள் கை ஆட்டத்தைத்தான் சமாளிக்கும், எதிரே ஓடுகிற குழந்தையை நிறுத்தாது. என் கருத்தில் பயணத்தில் அதிகம் தவிக்கவைப்பது அகலம் போதாமைதான். குறுகலான தெருவில் பின்னால் நகர இடமில்லாமல் நிற்கும்போது 16க்கும் 18க்கும் உள்ள வித்தியாசம் நன்றாகவே தெரியும், 16இல் 83 டிகிரி கிடைக்கிறது. தூரம் போதவில்லை என்றால் கொஞ்சம் வெட்டிப் பெரிதாக்கலாம், அகலம் போதவில்லை என்றால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் இந்த முறை நிக்கான் 16-85 வாங்கினேன், அதுவும் பழையதுதான், ஆனால் விற்றவர் கேட்ட படம் எல்லாவற்றையும் அன்றே எடுத்து அனுப்பினார், வலது பக்கத்தில் இருந்த கீறலையும் அவரே காட்டினார். 200 வரை கட்டாயம் வேண்டாம், 140 போதும் என்பவர்களுக்கு 18-140 நல்ல லென்ஸ், 490 கிராம்தான். கேனன்காரர்களுக்கு 18-135 இருக்கிறது.

நான் திருப்பி அனுப்பிய அந்த 18-200 இப்போது மறுபடியும் விற்பனைக்கு வந்திருக்கிறது. ஜூம் ரப்பரின் ஓரத்தில் ஒரு வெள்ளைப் பெயின்ட் துளி இருந்தது, அதே துளி படத்தில் தெரிகிறது. முன்பக்கம் ஒரு புது ஃபில்டர் ஏற்றியிருக்கிறார், தலைப்பில் இன்னும் "வி.ஆர் 2, புதுசு மாதிரி" என்றுதான் இருக்கிறது. விற்பனைத் தளத்துக்கு என் படங்களோடு புகார் அனுப்பியிருக்கிறேன், இதுவரை விளம்பரத்தை எடுக்கவில்லை. யாராவது அதைப் பார்த்து வைத்திருந்தால், ஃபில்டரைக் கழற்றி முன்வளையத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.