ஜிட்சி சர்வர் வாங்கப் போகிறீர்களா? மூன்றாவது ஆள் சேரும்வரை பணம் கட்டாதீர்கள்

இணையத்தில் வீடியோ கூட்டம் நடத்தும் இலவச மென்பொருளான ஜிட்சி மீட் போட்ட சர்வரைத் தயாராகக் கையில் தருகிறோம் என்ற ஒரு விற்பனையாளரிடம் எங்கள் பயிற்சி மையம் ஓராண்டுக் கட்டணத்தை முன்பணமாகக் கட்டி ஏமாந்தது. பெயர் வேண்டாம். இதே சரக்கை வேறு பெயரில் விற்பவர்களும் இருக்கலாம், அதனால் ஏமாற்றிய விதத்தைத்தான் எழுதுகிறோம். ஜிட்சியின் இலவசப் பொதுத் தளத்தில் அறை திறப்பவர் கூகுள், ஃபேஸ்புக் அல்லது கிட்ஹப் கணக்கில் நுழைந்தே ஆகவேண்டும் என்று 2023 ஆகஸ்டில் விதி வந்தது. அது பிடிக்காமல் சொந்த சர்வர் தேடுகிறவர்கள்தான் இவர்கள் வலையில் விழுகிறார்கள்.

டெமோவில் இரண்டே பேர்: அவர்கள் பக்கம் ஒருவர், எங்கள் பக்கம் ஒருவர். படம் பளிச்சென்று இருந்தது, குரலும் தெளிவு. முதல் வகுப்பில் மூன்றாவது மாணவர் உள்ளே வந்ததுமே எல்லார் படமும் கறுத்து, குரலும் நின்றுபோனது. சாட் மட்டும் ஓடியது. அந்த மாணவர் வெளியேறினால் படம் திரும்ப வரும், மறுபடி சேர்ந்தால் போய்விடும்.

ஜிட்சி தெரிந்தவர்களுக்கு இந்த அறிகுறி ஒன்றே போதும். இரண்டு பேர் இருக்கும்போது படமும் குரலும் ஒரு பிரவுசரிலிருந்து மற்றதற்கு நேராகப் போகின்றன. சர்வர் இருவரையும் அறிமுகம் செய்துவைப்பதோடு சரி. மூன்றாமவர் வந்ததும் படமும் குரலும் வீடியோபிரிட்ஜ் (எல்லாருடையதையும் வாங்கி மற்றவர்களுக்கு அனுப்பும் சர்வர் பாகம், சுருக்கமாகப் பிரிட்ஜ்) வழியாகப் போகவேண்டும். அதற்கான வாசல், அதாவது போர்ட், யுடிபி 10000 (யுடிபி, டிசிபி இரண்டும் தரவு அனுப்பும் முறைகள், எண் வாசலைக் குறிக்கும்). சாட்டும் பெயர்ப் பட்டியலும் டிசிபி 443 என்ற வேறு வாசல் வழியாகப் போவதால் அவை நிற்கவில்லை. ஆக, அந்த டெமோவில் சர்வரின் முக்கியமான பாகம் வேலையே செய்யவில்லை.

புகார் சொன்னால் "உங்க நெட் ஸ்லோ சார், பெரிய பிளான் எடுங்க" என்றார்கள். கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட்: சர்வருக்குள் இருக்கும் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் 10000 யுடிபி அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்று. அது உண்மைதான், ஆனால் அது வீட்டின் உள்கதவு. தெருக்கதவு வழங்குநரின் நெட்வொர்க்கில் இருக்கிறது. மூன்று பேர் பேச முயலும்போது வந்துபோகும் தரவுத் துண்டுகளை, அதாவது பாக்கெட்களைக் காட்டும் டிசிபிடம்ப் என்ற கருவியைச் சர்வரில் போட்டு 10000-ஐப் பார்த்தோம். வெளியிலிருந்து ஒரு பாக்கெட்கூட வரவில்லை.

காரணம் முகவரியில் இருந்தது. இயந்திரத்துக்குள் ஐபி முகவரியைப் பார்த்தால் 10 என்று தொடங்குகிறது, அதாவது தனிவலை முகவரி. வெளி ஐபி ஒன்றைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கு போட்டு, சில டிசிபி போர்ட்களை மட்டும் எங்கள் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறார்கள். தனிவலை முகவரி இருந்தாலே மோசம் என்று நினைக்கவேண்டாம். பெரிய கிளவுடுகளிலும் அப்படித்தான், ஆனால் அங்கே வெளி ஐபி முழுவதும் உங்களுடையது. பிரிட்ஜ் அதை ஸ்டன் (வெளி முகவரியைக் கேட்டறியும் முறை) மூலம் தானே கண்டுபிடிக்கும். தவறினால் உள் முகவரி, வெளி முகவரி இரண்டையும் அதன் கான்ஃபிக் (அமைப்பு) ஃபைலில் நாமே எழுதலாம். பங்கு ஐபியில் யுடிபி 10000 நம் பக்கம் திரும்பாதவரை என்ன எழுதியும் பயனில்லை.

ரெக்கார்டிங் உண்டு என்றும் சொல்லியிருந்தார்கள். அதற்குச் சர்வர் எந்த வகை என்று காட்டும் சிஸ்டம்டி-டிடெக்ட்-விர்ட் என்ற கட்டளை "கேவிஎம்" (தனி இயந்திரம் போலவே ஓடும் மெய்நிகர் இயந்திரம்) என்று காட்டியிருக்கவேண்டும். "ஓப்பன்விஇசட்" என்று காட்டியது. அது தனி இயந்திரமல்ல, கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதியை, பிறரோடு பகிரும் கன்டெய்னர். ரெக்கார்டிங் செய்யும் ஜிப்ரிக்கு ஒலியைப் பிடிக்க எஸ்என்டி-அலூப் என்ற கெர்னல் மாட்யூல் (கெர்னலில் ஏற்றும் கூடுதல் பகுதி) வேண்டும், கன்டெய்னருக்குள்ளிருந்து அதை ஏற்றவே முடியாது. அந்தச் சர்வரில் ரெக்கார்டிங் ஒருநாளும் ஓடியிருக்காது. கேவிஎம் ஆனாலும் கிளவுடுக்கென்று வரும் மெலிந்த கெர்னலில் இந்த மாட்யூல் இல்லாமல் போகலாம். அப்போது வழக்கமான ஜெனரிக் கெர்னல் போட்டு ரீபூட் செய்யவேண்டும். ஒரு ஜிப்ரி ஒரு நேரத்தில் ஒரு கூட்டத்தைத்தான் பதியும். அதற்குள் குரோம் பிரவுசரும் வீடியோவைப் பதியும் எஃப்எஃப்எம்பெக்கும் ஓடுவதால் சிபியுவைத் தின்னும். மீட் ஓடும் இயந்திரத்திலேயே அதையும் வைக்காதீர்கள்.

எங்களைக் கோபப்படுத்தியது வேறு ஒன்று. எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கின் ஆத்தரைஸ்டு-கீஸ் ஃபைலில் விற்பனையாளரின் எஸ்எஸ்எச் சாவி (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் சாவி) அப்படியே இருந்தது. அறை திறக்கப் பாஸ்வேர்டும் கிடையாது, யார் வேண்டுமானாலும் திறக்கலாம். பிள்ளைகள் படிக்கும் இடம் இது. பாஸ்வேர்டுக்குத் தனிக் கட்டணம் கேட்டார்கள். புரோசடி, ஜிகோஃபோ என்ற ஜிட்சி பாகங்களின் கான்ஃபிக் ஃபைல்கள், கான்ஃபிக்.ஜேஎஸ் ஆகிய மூன்று ஃபைல்களில் சில வரிகள் மாற்றி, ஒரு பயனர் கணக்கு உருவாக்கினால் முடிகிற வேலை அது.

முறையான தயாரிப்பு இதுதான். இயங்குதளம் உபுண்டு 22.04 அல்லது டெபியன் 12, அதற்குக் கீழே வேண்டாம். எங்களுக்குத் தந்தது உபுண்டு 18.04, அதன் வழக்கமான ஆதரவு 2023 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. இப்போதைய ஜிட்சிக்கு ஜாவா 17 தேவை. 4 கோர், 8 ஜிபி ரேம் நல்ல தொடக்கம். உங்கள் சொந்த டொமைனின் ஏ ரெக்கார்டை (பெயரை ஐபி முகவரியோடு இணைக்கும் பதிவு) முதலில் சர்வர் ஐபிக்குத் திருப்புங்கள். பிறகு சர்வரின் பெயரான ஹோஸ்ட்நேமை அதே பெயருக்கு மாற்றி, ஹோஸ்ட்ஸ் ஃபைலிலும் எழுதுங்கள். டிசிபி 80, 443, யுடிபி 10000, யுடிபி 3478, டிசிபி 5349 ஆகியவற்றை உள்ளே, வெளியே இரு ஃபயர்வாலிலும் திறந்த பிறகுதான் இன்ஸ்டால். இந்த வரிசை முக்கியம். இன்ஸ்டால் ஆகும்போது கேட்கிற பெயரில்தான் எல்லா கான்ஃபிக் ஃபைல்களும் உருவாகின்றன. எங்களுக்கு அவர்கள் தங்கள் சப்டொமைனில் போட்டிருந்தார்கள். அதைச் சொந்தப் பெயருக்கு மாற்றுவதென்றால் பர்ஜ் செய்து, அதாவது எல்லாவற்றையும் அடியோடு நீக்கி, மறுபடி முதலிலிருந்து.

80 மூடியிருந்தால் லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவசப் பாதுகாப்புச் சான்றிதழ் கிடைக்காது, பிற்பாடு மூடினால் அதைப் புதுப்பிக்க முடியாமல் காலாவதியாகும். சர்வரே தனக்குப் போட்டுக்கொள்ளும் சுயசான்றிதழோடு மொபைல் ஆப் சேரவே சேராது. "அன்லிமிடெட்" என்பதன் அடிக்குறிப்பையும் படியுங்கள்: 100 எம்பிபிஎஸ் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 45 ஜிபி. மாதம் 1 டிபி வரம்பென்றால் சுமார் 22 மணி நேரம்தான்.

பணம் கட்டும் முன் எஸ்எஸ்எச் நுழைவு கேளுங்கள். பிரிட்ஜை நிறுத்திவிட்டு, தரவை அனுப்பவும் வாங்கவும் உதவும் நெட்கேட் என்ற கருவியை யுடிபி 10000-இல் கேட்கவைத்து, மொபைல் டேட்டாவில் இருக்கும் வேறொரு லேப்டாப்பிலிருந்து நாலு எழுத்து அனுப்புங்கள். இந்தப் பக்கம் எழுத்து விழாவிட்டால் அந்தச் சர்வர் வேண்டாம். விழுந்தால் பிரிட்ஜை மறுபடி ஓடவிட்டு, மூன்று போன்களை மூன்று வேறு நெட்வொர்க்கில் வைத்துப் பத்து நிமிடம் பேசுங்கள். கேவிஎம், பங்கில்லாத வெளி ஐபி, யுடிபி 10000 ஆகிய மூன்றையும் ஈமெயிலில் எழுதி வாங்குங்கள். எங்களிடம் வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் மட்டும்தான் இருந்தது, பணத்தைத் திரும்பக் கேட்டபோது அதை "அப்படிச் சொல்லலையே" என்று மறுத்துவிட்டார்கள். முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள்.