சேஸ் சஃபையர் பிரிஃபர்டு கார்டு: வரவேற்பு போனஸுக்காக வாங்கலாமா?

அமெரிக்காவில் விமான மைல் சேர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு முதல் கார்டாக சேஸ் வங்கியின் இந்தக் கிரெடிட் கார்டைத்தான் சொல்வோம். ஆண்டுக் கட்டணம் 95 டாலர். உணவகச் செலவில் டாலருக்கு 3 பாயின்ட், பயணச் செலவில் 2, மற்ற பெரும்பாலானவற்றுக்கு 1. இதை மட்டும் நம்பினால் ஒரு வெளிநாட்டு டிக்கெட்டுக்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வரவேற்பு போனஸ், அதாவது புதிதாகக் கார்டு எடுத்துக் குறித்த காலத்தில் குறித்த தொகையைச் செலவழித்தால் மொத்தமாகக் கிடைக்கும் பாயின்ட், இருப்பதால்தான் இந்தக் கார்டுக்கு மதிப்பு.

அந்த போனஸ் ஏறி இறங்கும். வெகுகாலம் 3 மாதத்தில் 4,000 டாலர் செலவழித்தால் 60,000 பாயின்ட் என்று இருந்தது. 2025 வசந்தத்தில் 5,000 டாலர் செலவுக்கு 100,000 ஆனது, பிறகு 75,000க்கு வந்தது. அவசரமில்லை என்றால் 60,000 காட்டும்போது விண்ணப்பிக்காதீர்கள்.

பலர் சறுக்குவது கெடு தேதியில். மூன்று மாதம் கணக்கு திறந்த நாளிலிருந்து ஓடுகிறது, கார்டு தபாலில் வந்து சேர்ந்த நாளிலிருந்து அல்ல. கடைசி நாள் எது என்று வங்கிக்குச் செய்தி அனுப்பிக் கேட்டு, அதற்குப் பத்து நாள் முன்பே இலக்கை முடித்துவிடுங்கள். ஆண்டுக் கட்டணம், வட்டி, ரொக்க முன்பணம் (கார்டில் பணமாக எடுப்பது), பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் (வேறு கார்டின் கடனை இதற்கு மாற்றுவது) எதுவும் கணக்கில் சேராது. திருப்பிக் கொடுத்த பொருளின் தொகையும் கழிந்துவிடும். ஆகவே 5,000 என்றால் 5,200 வரை போவது பாதுகாப்பு. ஆறு மாதக் கார் இன்ஷூரன்ஸை ஒரே தவணையில் கட்டுவது நல்ல வழி. மத்திய வருமான வரியையும் கார்டில் கட்டலாம். அதற்கான கட்டணம் 2 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு என்பதால், கடைசியில் குறையும் தொகைக்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். ஸ்டேட்மென்ட் தொகையை முழுதாகக் கட்ட முடியாதவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். 20 சதவீதத்தைத் தாண்டும் வட்டி போனஸை விழுங்கிவிடும்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட முக்கியக் காரணம் 5/24 விதி. கடந்த 24 மாதத்தில் எந்த வங்கியிலானாலும் ஐந்து கார்டு திறந்திருந்தால் சேஸ் பொதுவாக மறுத்துவிடும். கணவர் அல்லது மனைவியின் கணக்கில் கூடுதல் பயனராகச் சேர்ந்ததும் இந்த ஐந்தில் ஒன்றாக எண்ணப்படும். அதனால் சேஸ் கார்டுகளை முதலில் எடுங்கள், மற்ற வங்கிகள் பிறகு. அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்கள் சாதாரணக் கார்டு ஒன்றை ஓராண்டு ஒழுங்காக நடத்திவிட்டு விண்ணப்பிப்பது நல்லது.

பாயின்டை எப்படிச் செலவழிப்பது? ரொக்கமாக எடுத்தால் ஒரு பாயின்டுக்கு ஒரு சென்ட்: 75,000க்கு 750 டாலர். யுனைட்டட், ஏர் கனடா ஏரோபிளான், சிங்கப்பூர் கிரிஸ்ஃப்ளையர், பிரிட்டிஷ் ஏர்வேஸ் போன்ற விமான மைல் திட்டங்களுக்கு ஆயிரம் ஆயிரமாக, ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் மாற்றினால் அதைவிடக் கூடுதல் மதிப்பு கிடைக்கும். ஆனால் ஒருமுறை மாற்றியதைத் திரும்பப் பெற வழியே இல்லை. முதலில் விமான நிறுவனத்தின் தளத்தில் மைல் கொடுத்து எடுக்கக்கூடிய இருக்கை இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு மாற்றுங்கள். யுனைட்டடுக்குப் பெரும்பாலும் உடனே போய்விடும். சிங்கப்பூருக்கு ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம், அதற்குள் இருக்கை போய்விடக்கூடும். கிரிஸ்ஃப்ளையர் மைல்கள் 36 மாதத்தில் காலாவதியாகும் என்பதால் முன்கூட்டி மாற்றி வைப்பதிலும் லாபமில்லை.

சென்னைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரிட்டிஷ் ஏர்வேஸ் லண்டன் வழியாகச் சென்னைக்குப் பறக்கிறது, ஆனால் மைலில் எடுத்தாலும் கையிலிருந்து கட்ட வேண்டிய கூடுதல் கட்டணம் கனமாக இருக்கும். ஃபிராங்க்ஃபர்ட் வழி லுஃப்தான்சா இருக்கையை யுனைட்டட் அல்லது ஏரோபிளான் மைலில் எடுத்தால் எரிபொருள் கூடுதல் கட்டணம் இல்லை.

போனஸ் வந்ததும் கார்டை மூடாதீர்கள். ஓராண்டு கழிந்து இரண்டாவது 95 டாலர் விழும்போது, சேஸின் ஆண்டுக் கட்டணமில்லாத ஃபிரீடம் கார்டாக மாற்றித்தரச் சொல்லுங்கள். பாயின்ட் பிழைக்கும், ஆனால் விமான நிறுவனங்களுக்கு மாற்றும் வசதி போய்விடும். மாற்ற வேண்டியதை அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.