மேரெக்ஸ் தடுப்பூசி: மூன்று பேட்ச் குஞ்சுகளுக்குப் போட்டுப் பார்த்த பிறகு

நாட்டுக்கோழி வளர்க்கிறவர்கள் வெள்ளைக்கழிச்சலுக்குச் சொட்டு மருந்து விடுவார்கள், அம்மைக்கு ஊசி போடுவார்கள், கோழிக்குக் கால் வாதமும் புற்றுக்கட்டியும் தரும் மேரெக்ஸ் என்கிற வைரஸ் நோயைச் சொன்னால் மட்டும் "அது லேயர் (முட்டைக்கோழி) பண்ணைக்காரங்க சமாச்சாரம்" என்று விட்டுவிடுவார்கள். நானும் அப்படி விட்டவன்தான்.

முதல் பேட்சில் 120 குஞ்சுகள். விற்றவர் எல்லா ஊசியும் போட்டாயிற்று என்றார், நம்பிக்கொண்டேன். ஒன்பதாவது வாரத்தில் ஒரு விடைக்கோழி ஒரு காலை முன்னாலும் ஒரு காலைப் பின்னாலும் நீட்டிக்கொண்டு படுத்துவிட்டது. சுண்ணாம்புச் சத்து குறைவு என்று நினைத்து டானிக் ஊற்றினேன். அப்புறம் இன்னொன்று, அப்புறம் வாரத்துக்கு இரண்டு மூன்று. தீவனம் முன்னால்தான் இருக்கும், எட்டித் தின்ன முடியாமல் மெலிந்து மெலிந்து சாகும். நாலு மாதத்தில் 31 போய்விட்டன.

கடைசியில் செத்த சேவல் ஒன்றைக் கால்நடை டாக்டரிடம் எடுத்துப்போனேன். அறுத்துக் காட்டினார். ஈரல் இருக்க வேண்டிய அளவைவிடப் பெரிதாக வீங்கி, மேலே வெள்ளை வெள்ளையாக முடிச்சுகள். தொடைச் சதையை விலக்கி இரண்டு பக்க நரம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று வெள்ளை நூல் மாதிரி பளபளவென்று, குறுக்கே மெல்லிய வரி ஓடியது. மற்றது மஞ்சள் பாய்ந்து இரண்டு மடங்கு தடித்து, வரியே தெரியவில்லை. "இது மேரெக்ஸ். புற்றுக்கட்டிங்க, வைரஸால வர்றது. வந்துட்டா மருந்து கிடையாது" என்றார். மனிதருக்கு வராது என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. வீட்டில் பிள்ளைகள் தினமும் முட்டை சாப்பிடுகிறார்கள்.

சரி, ஊசிக்கு வருவோம். நான் வாங்கியது எச்.வி.டி. (வான்கோழி ஹெர்ப்பீஸ் வைரஸ்) என்கிற, உறையவைத்து உலர்த்திய வகை. சின்னக் கண்ணாடிக் குப்பியின் அடியில் வெள்ளை வில்லை மாதிரி மருந்து, கூடவே 200 மி.லி. கரைசல். மொத்தம் 1000 டோஸ், குஞ்சுக்கு 0.2 மி.லி. பெரிய பொரிப்பகங்கள் திரவ நைட்ரஜனில் வைத்திருக்கும் வகையும் உண்டு, அது நம்மால் ஆகாது. இதற்கு 2 முதல் 8 டிகிரி போதும், வீட்டு ஃபிரிட்ஜில் நடுத்தட்டில் வைக்கலாம். வாங்கப் போகும்போது தெர்மோகோல் பெட்டியும் ஐஸும் கையோடு கொண்டு போங்கள். ஒரு கடையில் எனக்கு வெறும் செய்தித்தாளில் சுற்றிக் கொடுக்கப் பார்த்தார்கள், அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். உள்ளே இருப்பது உயிருள்ள வைரஸ், சூட்டில் அது செத்துவிட்டால் நாம் போடுவது வெறும் தண்ணீர்தான்.

அந்த வைரஸ் வான்கோழியிடமிருந்து வந்தது என்பதே எனக்கு ஆச்சரியம். 1907-ல் ஹங்கேரியில் யோசஃப் மாரெக் என்கிற கால்நடை மருத்துவர்தான் கால் வாதம் வந்த சேவல்களைப் பற்றி முதலில் எழுதியவர். கிருமி எது என்று இங்கிலாந்தின் ஹௌட்டன் ஆய்வு நிலையத்தில் சர்ச்சில், பிக்ஸ் என்கிற ஆராய்ச்சியாளர்கள் 1967-ல்தான் பிடித்தார்கள். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் ஈஸ்ட் லான்சிங் கோழி ஆய்வுக்கூடத்தில் விட்டர் என்கிற ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும், வான்கோழிக்குத் தீங்கு செய்யாத, மேரெக்ஸ் கிருமிக்கு உறவான ஒரு ஹெர்ப்பீஸ் வைரஸை வான்கோழியிலிருந்து பிரித்தெடுத்து, அதைப் பற்றி 1970-ல் எழுதினார்கள். எஃப்.சி.126 என்கிற அதே ரகத்தின் பெயர்தான் இன்றைக்கும் என் குப்பியின் லேபிளில் இருக்கிறது. மனிதருக்குக் கல்லீரல், கருப்பைவாய்ப் புற்றைத் தடுக்கும் ஊசிகள் வருவதற்கு முன்பே கோழிக்குப் புற்றைத் தடுக்கும் ஊசி வந்துவிட்டது. அதற்கும் முன்னால், 1911-ல் பேட்டன் ரவுஸ் என்கிற அமெரிக்க விஞ்ஞானி கோழிக்கட்டியை வடிகட்டி, அந்தச் சாற்றாலேயே இன்னொரு கோழிக்குக் கட்டி வரும் என்று காட்டினார். அதற்கான நோபல் 1966-ல் வந்தது. 55 வருடம்! கோழி ஆராய்ச்சிதானே என்று யாரும் இளக்காரமாகப் பேசினால் எனக்குக் கோபம் வருகிறது.

போடும் விதம்தான் முக்கியம். பொரித்த முதல் நாளே போட வேண்டும். சிரிஞ்சைக் கொதிநீரில் போட்டு எடுத்து ஆறவிடுங்கள், ஸ்பிரிட் தொடவே கூடாது, மருந்து செத்துவிடும். கரைசலில் கொஞ்சம் எடுத்துக் குப்பிக்குள் விட்டு மெதுவாகச் சுழற்றிக் கரைத்து, திரும்பக் கரைசலிலேயே சேர்த்து, குப்பியை இன்னொரு தடவை அலசி அதையும் ஊற்றிவிடுங்கள். வீட்டில் மனைவி குஞ்சைப் பிடிப்பார், நான் பிடரித் தோலை இரண்டு விரலால் கூடாரம் மாதிரி தூக்கி, ஊசியை உடம்புப் பக்கமாகச் செருகுவேன். தோலுக்கடியில் சின்னதாகப் புடைத்தால் சரியாக விழுந்தது. மயிர் நனைந்தால் மருந்து வெளியே போய்விட்டது, அந்தக் குஞ்சுக்குத் திரும்பப் போட வேண்டும். முதல் தடவை ஏழெட்டு குஞ்சுக்கு அப்படி ஆனது.

குறை என்றால் ஒன்று, அது பெரிய குறை: 1000 டோஸ். கரைத்த பிறகு ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் போடுவது வீண். 100 குஞ்சு உள்ளவன் 900 டோஸைக் கொட்டுகிறான். சின்னக் குப்பி எங்கள் பக்கக் கடைகளில் கிடைக்கவே இல்லை. வீட்டில் பத்துக் கோழி வளர்க்கிற பெண்களுக்கு இந்த மருந்து எட்டாமல் போவதற்கு இதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்வேன், கம்பெனிக்காரர்கள் யாராவது படித்தால் தயவுசெய்து 100 டோஸ் குப்பியை ஊர்க்கடை வரைக்கும் கொண்டுவாருங்கள். இப்போதைக்கு நாங்கள் நாலு வீட்டுக்காரர்கள் ஒரே நாளில் குஞ்சு பொரிக்கிற மாதிரி முட்டை வைத்து, ஒரு குப்பியைப் பகிர்ந்துகொள்கிறோம்.

பலன்? ஊசி போட்ட மூன்று பேட்சில் மொத்தம் 410 குஞ்சு. கால் வாதம் வந்தது இரண்டே இரண்டு.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். இந்த ஊசி கட்டியைத் தடுக்கிறது, கிருமி தொற்றுவதைத் தடுப்பதில்லை. ஊசி போட்ட கோழியும் இறகுத் தூசியில் நோய்க்கிருமியை உதிர்க்கும், அந்தத் தூசி செட்டுக்குள் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். 2015-ல் ஆண்ட்ரூ ரீட் என்கிற விஞ்ஞானியின் குழுவினர் செய்த ஆய்வில், ஊசி போட்ட கோழிகள் சாகாமல் இருப்பதாலேயே மிகக் கொடிய ரகங்களும் அவற்றிடமிருந்து நீண்ட நாள் பரவ முடிகிறது என்று தெரிந்தது. அதனால் ஊசி போடாத குஞ்சை ஊசி போட்ட கூட்டத்தோடு விடவே விடாதீர்கள். போட்ட குஞ்சுக்கும் பாதுகாப்பு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். நான் பழைய உமியை முழுக்க அள்ளி, ஒட்டடை அடித்து, கழுவிச் சுண்ணாம்பு பூசிய பிறகுதான் புதுக் குஞ்சை இறக்கினேன், பெரிய கோழிகள் இருக்கும் பக்கம் போய்விட்டு அதே செருப்போடு புரூடருக்குள் (குஞ்சுகளைச் சூடாக வைக்கிற இடம்) போவதில்லை.

இன்னொன்று, வயது வந்த கோழிகளில் ஈரல் வீங்கி வரும் லிம்பாய்டு லுக்கோசிஸ் என்கிற நோய் வேறு வைரஸால் வருவது, அந்த வைரஸ் முட்டை வழியாகவும் குஞ்சுக்கு வரும். அதற்கு இந்த ஊசி உதவாது, ஊசி போட்டும் கட்டி வந்தது என்று சண்டைக்குப் போகும் முன் அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஐந்துக்கு நான்கு. ஒரு மதிப்பெண் குப்பியின் அளவுக்காகக் குறைத்தேன். அடுத்த குப்பி உடைக்கும் நாளைக் காலண்டரில் குறித்துவைத்திருக்கிறேன், தெருக்கோடி அக்கா அவர்களுடைய 14 குஞ்சையும் கூடையில் கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.